கணுவுக்கு மேலே கீறினால் துளிர்க்கிறது, கீழே கீறினால் தூங்குகிறது: ஆக்சின் மரத்தண்டில் எந்த வழியாக இறங்குகிறது?

பம்ப்செட் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பம்ப், குழாய் வேலை பார்ப்பவன். செடி வளர்ப்பது சொந்த ஆசைக்கு. எதைப் பார்த்தாலும் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எது தள்ளுகிறது, எங்கே அடைக்கிறது என்றுதான் புத்தி போகும். கேள்வியும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரோரம் ஒரு அத்தி நிற்கிறது. ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று ஏறிவிட்டது, பக்கக் கிளையே இல்லை. உச்சியை வெட்ட மனசு வரவில்லை. அதனால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே பட்டையைக் குறுக்காகக் கீறி, கட்டை தெரிகிற ஆழத்துக்குப் பிறை வடிவில் ஒரு துண்டை எடுத்தேன். அத்தி என்பதால் பால் வழிந்து கத்தியெல்லாம் பிசுபிசுப்பு. தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது அந்தக் கீறல். மொட்டு உப்பித் துளிர்த்து இப்போது இலை விட்டுவிட்டது. அதே தண்டில் இன்னொரு மொட்டுக்குக் கீழே அதே அளவு கீறினேன். அது அசையவே இல்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம் தெரியும். உச்சி மொட்டும் இளம் இலைகளும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கின்றன, அது கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது, மேலே கீறினால் வரத்து நிற்கிறது, மொட்டுக்கு விடுதலை. சரி. ஆனால் எனக்குப் பல இடத்தில் இடிக்கிறது.

தண்ணீர் கட்டை வழியாக ஏறுகிறது, சர்க்கரை பட்டை வழியாக இறங்குகிறது. இது புரிகிறது. ஆக்சின் எதில் போகிறது? பட்டையில் சர்க்கரையோடு சேர்ந்து இறங்குகிறது என்றால், என் கீறல் சர்க்கரையையும்தானே நிறுத்தியிருக்கும்? பட்டினி கிடக்கும் மொட்டு எப்படித் துளிர்க்கும்?

அப்புறம், கீறலுக்குப் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்டு முழுசாக இருக்கிறது. குழாயில் பாதி அடைத்தாலும் தண்ணீர் மீதி வழியாக வந்து அடைப்புக்குக் கீழே நிரம்பிவிடும். ஆக்சின் ஏன் சுற்றிக்கொண்டு வந்து மொட்டைப் பிடிக்கவில்லை?

எது தள்ளுகிறது என்பதும் விளங்கவில்லை. புவியீர்ப்பா? அப்படியானால் தரையை நோக்கித் தொங்கும் கிளையில் ஆக்சின் நுனிக்கே திரும்பிப் போக வேண்டுமே.

கடைசியாக வேகம். மணிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். 10 மீட்டர் தண்டில் உச்சியிலிருந்து அடிக்கு வர 1000 மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்கு மேல். இந்த வேகத்தில் ஓடும் ஒன்றை வைத்து ஒரு மரம் எப்படி நிர்வாகம் நடத்துகிறது?

---

மெல்லியசீவல் எழுதியது:

பம்ப்செட் சார், மரத்தண்டைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் தொழில். நீங்கள் கேட்டவை அடிப்படையான கேள்விகள்தான். குழாய் என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள், பாதி சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

தண்டில் ஆக்சினுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதிர்ந்த இலைகளில் உண்டாகும் ஆக்சினில் ஒரு பகுதி, பட்டையில் சர்க்கரை ஓடும் திசுவான ஃபுளோயத்தில் ஏறி, சர்க்கரைக் கரைசலோடு அடித்துக்கொண்டு போகிறது. அது வேகமானது, அதற்குத் திசைப் பிடிவாதம் கிடையாது. சர்க்கரை எங்கே போகிறதோ அங்கே போகும். இன்னொன்று நீங்கள் படித்த அந்த மெதுவான வழி. இதில் ஆக்சின் உயிருள்ள ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு என்று, உச்சியிலிருந்து அடி நோக்கி ஒரே திசையில் நகர்கிறது. மரத்தண்டில் இந்த வழி ஓடும் முக்கியமான இடம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதிய செல்களைப் பிரித்துத் தரும் மெல்லிய அடுக்கான கேம்பியமும், அதை ஒட்டி உட்பக்கம் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் சைலமும் (நீரேற்றும் கட்டைத் திசு)தான். வளரும் பருவத்தில் பட்டையை உரித்தால் உள்ளே வழவழவென்று கை வழுக்குமே, அந்த இடம்.

இது ஊகம் இல்லை. 1996-இல் சுவீடனில் உக்லா, மோரிட்ஸ், சாண்ட்பெரி, சுண்ட்பெரி என்ற ஆய்வாளர்கள் ஸ்காட்ஸ் பைன் தண்டை உறையவைத்து, கேம்பியத்துக்கு இணையாக 30 மைக்ரோமீட்டர் கனமுள்ள சீவல்களாகச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஆக்சின் அளவைத் தனித்தனியாக அளந்தார்கள். கேம்பியத்தில் உச்சம். அங்கிருந்து பட்டைப் பக்கம் போனாலும் சரி, கட்டைப் பக்கம் போனாலும் சரி, ஒரு மில்லிமீட்டருக்குள்ளாகவே சரசரவென்று இறங்கிவிடுகிறது. முதிர்ந்த கட்டையில் இந்தக் கடத்தல் நடக்க வழியே இல்லை. நீரேற்றும் சைலக் குழல்கள் செத்த செல்கள். ஆக்சினைக் கைமாற்ற உயிர் வேண்டும். தண்டைச் சுற்றி ஆக்சிஜன் இல்லாமல் செய்தால் கடத்தல் நின்றுபோகும்.

இப்போது எது தள்ளுகிறது என்பது. இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளும்.

செல்களுக்கு வெளியே, செல்சுவரில் இருக்கும் ஈரம் லேசான புளிப்பு; பிஎச் அளவு 5.5 வாக்கில். செல்லுக்குள்ளே 7 வாக்கில். ஆக்சின், அதாவது இண்டோல் அசிட்டிக் அமிலம், ஒரு வலுக்குறைந்த அமிலம். வெளியே இருக்கும் புளிப்பில் ஏறக்குறைய 15 சதவீத மூலக்கூறுகள் மின்சுமை இல்லாமல் இருக்கும். மின்சுமை இல்லாத மூலக்கூறு செல்சவ்வை எளிதாக ஊடுருவி உள்ளே நுழைந்துவிடும். இதோடு, உள்ளே இழுத்துப் போடவே ஆக்ஸ்1 வகைப் புரதங்களும் இருக்கின்றன. உள்ளே போனதும் புளிப்பு குறைவு என்பதால் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்சுமை பெற்றுவிடுகிறது. மின்சுமை இல்லாமல் மிஞ்சுவது ஆயிரத்தில் ஐந்தாறுதான். மின்சுமை உள்ளதால் சவ்வு வழியே வெளியேற முடியாது, சிக்கிக்கொண்டது. வெளியே போக வேண்டுமானால் அதற்கென்று உள்ள வாசல் வேண்டும். அந்த வாசல்கள் செல்லின் அடிப்பக்கத்தில் மட்டும் குவிந்திருந்தால்? எல்லாப் பக்கமும் நுழையலாம், கீழ்ப்பக்கம் மட்டுமே வெளியேறலாம். அடுத்த செல்லிலும் அதே கதை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கீழ்நோக்கி ஓர் ஓட்டம்.

இதை 1974-இல் ரூபரியும் ஷெல்ட்ரேக்கும், 1975-இல் ரேவனும் அந்த வாசலைக் கண்ணால் பார்க்காமலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வாசலாக வேலை செய்யும் பின்1 புரதத்தின் மரபணு 1998-இல்தான் அரபிடாப்சிஸ் செடியில் பிடிபட்டது. பார்த்தால் அந்தப் புரதம் உண்மையாகவே செல்லின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி ஒரு முன்கணிப்பு இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்து பலிப்பது உயிரியலில் அடிக்கடி நடக்காது.

ஆகவே திசை என்பது செல்லுக்குள்ளேயே இருக்கிறது, தண்டு எப்படி நிற்கிறது என்பதில் இல்லை. தொங்கும் கிளையிலும் ஆக்சின் நுனியிலிருந்து கிளையின் அடிக்குத்தான் போகும், தரையைப் பார்த்தால் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். 1878-இலேயே ஃபோக்டிங் என்ற ஜெர்மானியர் வில்லோ தண்டுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். மேலே இருந்தாலும் தண்டின் பழைய அடிமுனைதான் வேர் விட்டது, கீழே தொங்கிய நுனிப்பக்கம்தான் துளிர் விட்டது.

புவியீர்ப்புக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பாப்லர் தண்டைச் சாய்த்து வைத்தால், பட்டைப் பக்கம் உள்ள சில செல்களில் மாவுமணிகள் தாழ்ந்து தரைப்பக்கம் படிகின்றன, பின்3 என்ற இன்னொரு வாசல் புரதமும் தரைப்பக்கச் சவ்வில் சேர்கிறது. தண்டின் மேல்பாதியில் தரைப்பக்கம் என்றால் கேம்பியத்தை நோக்கி, கீழ்ப்பாதியில் கேம்பியத்தை விட்டு வெளியே. 2015-இல் இதைக் காட்டினார்கள். ஆனால் இது பக்கவாட்டுத் திருப்பம் மட்டும்தான், நீளவாக்கு ஓட்டம் மாறாது. சாய்ந்த மரங்களின் கேம்பியத்தில் ஆக்சினை நேரடியாக அளந்து பார்த்த ஓர் ஆய்வில் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயம் இன்னும் முழுசாக முடியவில்லை.

கீறலைச் சுற்றி ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. குழாயில் தண்ணீர் பரவுவது அழுத்தத்தால். இங்கே அழுத்தமே கிடையாது. கேம்பியம் செல்கள் நீளவாக்கில் நீண்டவை, வாசல் அடிமுனையில். ஆக்சின் நேர்கோட்டில் இறங்கும், பக்கவாட்டில் மிக மெதுவாகத்தான் கசியும். அதனால் உங்கள் கீறலுக்கு நேர் கீழே ஆக்சின் குறைந்த ஒரு பட்டை விழுகிறது. உங்கள் மொட்டு சரியாக அதற்குள்தான் இருந்தது. காயம் ஆறும்போது புதிய திசு சாய்வாக வழி அமைத்துக்கொள்ளும். கீறலின் பலன் நிரந்தரமில்லை என்பது இதனால்தான்.

---

ஒட்டுக்கட்டு எழுதியது:

தம்பி, மேடம் சொன்னதெல்லாம் எனக்கு இப்போதுதான் காரணத்தோடு விளங்குகிறது. நாற்றங்காலில் நாங்கள் பழக்கத்தில் தெரிந்துவைத்திருப்பதைச் சொல்கிறேன்.

கீறுவது என்றால் துளிர் பருவம் தொடங்கச் சற்று முன்னால் கீறு. இலையெல்லாம் விட்டு முடித்தபிறகு கீறினால் பலன் குறைவு. ஒரு வயது, இரண்டு வயதுத் தண்டு நன்றாகக் கேட்கும். பழுத்த தண்டு பிடிவாதம் பிடிக்கும். தண்டை முழுக்கச் சுற்றி எடுத்துவிடாதே, அது மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர் விடவைக்கும் விண்பதியத்துக்கு. விண்பதியத்தில் வளையத்துக்கு மேல் உதடு வீங்கி வேர் வருகிறதல்லவா, கீழ் உதட்டில் வேர் வருவதைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. மேலிருந்து வந்த சர்க்கரையும் ஆக்சினும் போக வழியில்லாமல் அங்கே தேங்குகிறது. வளையம் எடுக்கும்போது வழவழப்பைச் சுரண்டித் துடைக்கச் சொல்வதும் அதற்குத்தான். கேம்பியம் துளி மிச்சம் இருந்தாலும் பாலம் போட்டுக்கொண்டு வேர் விடாமல் ஏமாற்றிவிடும்.

இன்னொரு வித்தை இருக்கிறது. தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக எடுத்து, அதையே தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்துக் கட்டிவிடுவது. அமெரிக்காவில் ஆர்னால்ட் மரப் பூங்காவில் கார்ல் சாக்ஸ் என்பவர் 1950-களில் ஆப்பிளில் இதை நிறையச் செய்து பார்த்தார். பட்டை ஒட்டிக்கொள்ளும், மரம் சாகாது, ஆனால் வளர்ச்சி சுணங்கும், சீக்கிரம் காய்க்கும். ஓரிரு வருடத்தில் பட்டையின் நெட்டுத் தையலில் புதிய திசு நேர்த்திசையில் உருவாகிப் பழைய வேகம் திரும்பிவிடும். திருப்பி வைத்த பட்டை தன் திசையை மறக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

உன் கீழ்க்கீறல் மொட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அது இந்தப் பருவம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

---

கணுஇடை எழுதியது:

மேடம் சொன்ன கடத்தல் முறையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "ஆக்சின் வந்து மொட்டை அடக்குகிறது" என்ற வாக்கியத்தைப் பம்ப்செட் அண்ணா அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் தகராறு. ஆக்சின் மொட்டுக்குள் போவதே இல்லை. கதிரியக்க ஆக்சினை நுனியில் தடவிப் பின்தொடர்ந்தால், அது தண்டோடு இறங்கிப் போய்விடுகிறது. அடங்கிக் கிடக்கும் மொட்டுக்குள் குறிப்பிடும்படி எதுவும் சேர்வதில்லை. 1930-களில் திமானும் ஸ்கூகும் நுனி வெட்டிய அவரையினச் செடியில் வெட்டுமுனையில் ஆக்சின் வைத்து மொட்டுகளை மறுபடி அடக்கிக் காட்டியது உண்மைதான். ஆனால் அதற்கு நேரடி அடக்குமுறை தேவையில்லை.

இன்று பேசப்படும் வழிகளில் முதலாவது: தண்டில் ஓடும் ஆக்சின், கணுவில் சைட்டோகைனின் தயாரிப்பைக் குறைக்கிறது, ஸ்ட்ரைகோலாக்டோன் தயாரிப்பைக் கூட்டுகிறது. சைட்டோகைனின் மொட்டை எழுப்பும், ஸ்ட்ரைகோலாக்டோன் அழுத்தும். ஸ்ட்ரைகோலாக்டோன் கிளைப்பைத் தடுக்கும் ஹார்மோன் என்பது 2008-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டது. இரண்டாவது: மொட்டு விழிக்க வேண்டுமானால் தன் சொந்த ஆக்சினைத் தண்டுக்குள் அனுப்பி, தனக்கென்று ஒரு கடத்தல் தடத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். மேலிருந்து வரும் ஆக்சினால் தண்டு ஏற்கனவே நிரம்பி இருந்தால் அனுப்ப முடியாது, தடமும் உருவாகாது. மேலே கீறினால் கீழே தண்டு காலியாகிறது, மொட்டு தன் சரக்கை இறக்குகிறது, தடம் பிடித்துக்கொள்கிறது. என் கணிப்பில் அண்ணாவின் அத்திக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

வேகச் சிக்கலை நீங்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை, அண்ணா. பட்டாணிச் செடியில் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வு இதே கணக்கில்தான் தொடங்குகிறது. நுனியைக் கிள்ளிய சில மணி நேரத்திலேயே வெகு கீழே இருக்கும் மொட்டு நீளத் தொடங்கிவிட்டது. ஆக்சின் குறைவு அந்த இடத்துக்கு வந்து சேர அதைவிட வெகுநேரம் ஆகும். அப்படியானால் முதல் சமிக்ஞை வேறு ஏதோ. அவர்கள் காட்டியது சர்க்கரை. நுனி போனதும் அது தின்றுகொண்டிருந்த சர்க்கரை மிச்சமாகி மொட்டுகளுக்குப் பாய்கிறது. சர்க்கரை மணிக்கு ஒன்றரை மீட்டர் அளவில் ஓடுகிறது. நுனி இருக்கும்போதே வெளியிலிருந்து சர்க்கரை கொடுத்தாலும் மொட்டு அசைந்தது. ஆக்சின் அதற்குப் பிறகு, விழித்த மொட்டு தொடர்ந்து வளருமா என்ற கட்டத்தில் வருகிறது.

பட்டாணி மென்தண்டுச் செடி, அத்தி மரம். அதை அப்படியே ஒட்டவைக்க நான் தயாரில்லை. ஆனால் "பட்டினி மொட்டு எப்படித் துளிர்க்கும்" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில்: அது பட்டினி இல்லை. கீறல் நேர் மேலே இருந்து வரும் ஃபுளோயத்தை வெட்டினாலும், தண்டுக்குள் சேமித்த மாவுச்சத்து இருக்கிறது, பக்கவாட்டு வழியும் இருக்கிறது. சர்க்கரை அழுத்தத்தால் ஓடுவது, அது சுற்றிக்கொண்டு வரும். கீழே கீறிய மொட்டுக்கோ மேலிருந்து ஆக்சின் முழுசாக வருகிறது. கட்டை வரை வெட்டியிருந்தால், வேரிலிருந்து சைலம் வழியாக நீரோடு ஏறும் சைட்டோகைனினிலும் ஒரு பங்கு குறைந்திருக்கும். அது தூங்குவதில் ஆச்சரியம் இல்லை.

---

பம்ப்செட் எழுதியது:

மேடம், ஐயா, கணுஇடை தம்பி, மூவருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

என் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு செல்லும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்ட ஒரு தொட்டி. சரிதானா? ஒரு சின்ன வித்தியாசம் உறுத்துகிறது. வால்வு தானாகத் தள்ளாது, திரும்பி வருவதைத் தடுக்கும், அவ்வளவுதான். மேலே அழுத்தம் இருந்தால்தான் வால்வுக்கு வேலை. அழுத்தம் இல்லை என்கிறீர்கள். அப்போது மின்சாரச் செலவு எங்கே?

இன்னொன்று, மொட்டு விஷயத்தில் வேகச் சிக்கல் தீர்ந்தது. உயர்ந்த மரம் என்ன செய்கிறது? 20 மீட்டர் மரத்தில் உச்சியில் கிளம்பிய ஆக்சின் அடிமரத்துக் கேம்பியத்துக்கு வர எண்பது நாளுக்கு மேல். அதற்குள் வளரும் பருவம் பாதி போய்விடுமே. கேம்பியம் பிரிவதற்கே ஆக்சின் வேண்டும் என்றும் எங்கோ பார்த்தேன்.

ஒரு சில்லறைச் சந்தேகமும் உண்டு. போத்துக்கு வேர் ஊக்கித் தூளை அடியில் தடவுகிறோம். அடியில் தடவினால் அது மேலே ஏற முடியாதே, வீண்தானே?

---

மெல்லியசீவல் எழுதியது:

வால்வு என்பதில் நீங்களே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். செலவு செல்சவ்வில் நடக்கிறது. சவ்வில் இருக்கும் புரோட்டான் பம்புகள், செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. வெளியே புளிப்பாக இருப்பதும் செல்லுக்குள் எதிர்மின்னழுத்தம் இருப்பதும் அதனால்தான். புளிப்பு வேறுபாடு ஆக்சினை உள்ளே சேர்க்கிறது, எதிர்மின்சுமை கொண்ட ஆக்சினை உள்ளே இருக்கும் எதிர்மின்னழுத்தம் வாசல் வழியாக வெளியே விரட்டுகிறது. ஆக, உங்கள் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் ஓடுகிறது, ஆனால் அது ஆக்சினை நேரடியாகத் தள்ளும் மோட்டார் இல்லை.

உயர்ந்த மரத்துக்கு வருகிறேன். உச்சியிலிருந்து கிளம்பும் ஒரே சரக்கை அடிமரம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு துளிரும் தண்டில் ஆக்சினைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. நடுத்தண்டில் எந்த இடத்திலும் எப்போதும் கொஞ்சம் ஆக்சின் ஓடிக்கொண்டிருக்கும், குளிர்கால ஓய்வில்கூடக் கேம்பியத்தில் அது இருக்கும். நீங்கள் படித்ததும் சரி: மொட்டுகளை எல்லாம் நீக்கினால் தண்டின் கேம்பியம் சோர்ந்துபோகும், வெட்டுமுனையில் லனோலின் பசையில் ஆக்சின் கலந்து தடவினால் மறுபடி பிரியத் தொடங்கும்.

ஆனால் ஆக்சின் இருந்தால் மட்டும் போதாது. குளிர்நாட்டு மரங்களில் இலையுதிர் காலத்தில் கேம்பியம் ஆழ்ந்த ஓய்வுக்குப் போனபிறகு ஆக்சினைத் தடவிப் பாருங்கள், பதிலே வராது. சில வாரக் குளிரை அனுபவித்தபிறகுதான் மீண்டும் கேட்கத் தொடங்கும். சில ஊசியிலை மரங்களில் குளிர்காலக் கடைசியில் தண்டின் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கினால் அங்கே மட்டும் கேம்பியம் பிரிய ஆரம்பிக்கிறது. உச்சி இன்னும் தூக்கத்தில் இருக்கும்.

மரத்துக்கு மரம் வேறுபாடும் உண்டு. மேப்பிள், பிர்ச் போன்றவற்றில் கேம்பியம் விரியும் மொட்டுகளுக்குக் கீழே விழித்து, வாரக்கணக்கில் மெல்ல அடிமரத்துக்கு இறங்குகிறது. உங்கள் எண்பது நாள் கணக்கு ஓரளவு பேசும் இடம் இது. ஓக், ஆஷ் மரங்களில் மொட்டு விரிவதற்கு முன்பே தண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துவிடுகிறது. அகலமான புதிய நீர்க்குழல்கள் இலை வருவதற்குள் தயாராக வேண்டும், அந்த மரத்துக்குப் போன வருடக் குழல்களை நம்ப முடியாது. அங்கே மேலிருந்து வரும் அலைக்காக யாரும் காத்திருப்பதில்லை, தண்டில் ஏற்கனவே இருப்பதை வைத்தே தொடங்குகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

கிளை தண்டில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள கட்டையைச் சீவிப் பார்த்தால், சில சமயம் சைலக் குழல்கள் நேராக ஓடாமல் வட்டம் வட்டமாகச் சுழன்றிருக்கும். நேராக இறங்கிய ஆக்சின் ஓட்டம் கிளையில் முட்டிச் சுழன்ற தடம் என்று அதை விளக்குகிறார்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அடுத்த முறை மரம் அறுக்கும்போது தேடிப் பாருங்கள்.

வேர்த்தூளை ஒட்டுக்கட்டு ஐயாவுக்கே விடுகிறேன்.

---

ஒட்டுக்கட்டு எழுதியது:

வீண் இல்லை தம்பி. வேர் வர வேண்டிய இடம் அடிமுனை, மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும், ஏறி எங்கே போகப்போகிறது? தூளில் பெரும்பாலும் இருப்பது ஐபிஏ, அதாவது ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்ரிக் அமிலம். செல்லுக்குள் போனபிறகு அதில் ஒரு பகுதி வழக்கமான ஆக்சினாக மாறும். அதிகம் வைத்தால் வெட்டுமுகத்தில் ஈரத்தோடு சைலத்தில் ஏறி மேலேயும் கொஞ்சம் போகும். கணக்கில்லாமல் முக்கினால் மேல்மொட்டு துளிர்க்கத் தாமதிப்பதை நீயே பார்க்கலாம். லேசாகத் தொட்டு, உதறிவிட்டு நடு.

போத்தை வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை மட்டமாகவும் வெட்டி வை. கட்டாகக் கட்டி வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் இலையில்லாத அத்திக் குச்சியில் எது தலை எது கால் என்று எனக்கே தடுமாறும். தலைகீழாக நட்டால் ஃபோக்டிங் பார்த்த அதே கதைதான், அடிமுனை காற்றில் காயும்.

---

பம்ப்செட் எழுதியது:

ஐயா, குறித்துக்கொண்டேன். கணுஇடை தம்பிக்கு ஒரு கேள்வி: துளிர்த்த மொட்டு இப்போது தானே ஆக்சின் இறக்குகிறது என்றால், அதற்கு நேர் கீழே இருக்கும் மொட்டை இந்தப் புதுக்கிளை அடக்குமா?

---

கணுஇடை எழுதியது:

அடக்கும். இரண்டு கிளை வேண்டுமென்றால் நேர் கீழே உள்ளதை விட்டுவிட்டு, தண்டின் எதிர்ப்பக்கம் இருக்கும் மொட்டுக்கு மேலே கீறுங்கள். உச்சி வளர்ந்துகொண்டே இருப்பதால் அடுத்த துளிர் பருவம் வரை பொறுங்கள் அண்ணா, ஒரே சமயத்தில் நிறையக் கீறினால் தண்டு பலவீனமாகிக் காற்றில் அந்த இடத்திலேயே முறியும்.